முப்புரமும் மூன்று கூறு விமானமும்: ஒரு கற்பனையின் சொல் வரலாறு

1. முன்னுரை

வானில் செல்லும் ஒரு கலம் வேண்டும்போது தனித்தனிக் கூறுகளாகப் பிரியும். ஒவ்வொரு கூறும் பிறிதொன்றன் துணையின்றித் தானே இயங்கும். பின்னர் அவை மீண்டும் ஒன்றாகும். இக்கற்பனை இக்கால அறிவியல் புனைகதைகளில் பெருவழக்காக உள்ளது. 1987 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: அடுத்த தலைமுறை' தொடரின் முதற் கதையிலேயே 'என்டர்பிரைஸ்' என்னும் கலத்தின் வட்டத்தட்டுப் பகுதி குடும்பங்களை ஏற்றிக்கொண்டு விலகிச் செல்கிறது, எஞ்சிய பகுதி பகையை எதிர்கொள்ள நிற்கிறது. அவ்வரிசையைச் சேர்ந்த 'வாயேஜர்' தொடரின் 1998ஆம் ஆண்டுக் கதையொன்றில் 'புரோமீதியஸ்' என்னும் கலம் மூன்று கூறுகளாகப் பிரிந்து பகைக்கலத்தைத் தாக்குகிறது.

மூன்றாகப் பிரிந்து வானில் இயங்கும் அமைப்பு என்னும் எண்ணம் இந்திய இலக்கியங்களுக்குப் புதிதன்று. அசுரர்களின் முப்புரம் பற்றிய கதை வேத இலக்கியத்தின் பிற்பகுதி தொட்டு வழங்கிவருகிறது. தமிழில் அது மூவெயில், தூங்கெயில் என்னும் சொற்களால் சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்றுள்ளது. 20ஆம் நூற்றாண்டில் மைசூரிலிருந்து வெளிவந்த 'வைமானிக சாஸ்திரம்' என்னும் வடமொழி நூல் 'திரிபுர விமானம்' என ஒரு பறக்கும் பொறியை விரித்துரைத்தது. அதன் மூன்று கூறுகளும் பிரியவும் சேரவும் வல்லவை.

பெயர் ஒன்றாயிருத்தலால் இவையிரண்டும் ஒரே பொருளைக் குறிப்பன எனவும், பின்னது முன்னதன் தொழில்நுட்ப விளக்கமே எனவும் கருதும் போக்கு உள்ளது. அக்கருத்து பொருந்துமா என்பதைச் சொற்பொருள் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கூறுகள் பிரிவதற்கு ஒரு நூல் என்ன பயனைக் கற்பிக்கிறது என்பதே அந்நூலின் காலத்தை அறியத் துணைசெய்யும் சான்றாக அமைகிறது என்பது இங்கு நிறுவப்படுகிறது.

2. எயிலும் புரமும்

சங்க இலக்கியத்தில் முப்புரக் கதை 'எயில்' என்னும் சொல்லோடு இணைந்தே காணப்படுகிறது. மதுரை மருதன் இளநாகனார் பாடிய புறநானூற்று 55ஆம் பாடலில், மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு ஒரே கணையால் மூவெயிலை அழித்த இறைவன் பாண்டியனுக்கு உவமையாகிறான். பரிபாடலின் 5ஆம் பாடல் இதனைச் சற்று விரித்து, வையத்தைத் தேராகவும் வேதங்களைக் குதிரைகளாகவும் குறிப்பிடுகிறது. அழிக்கப்பட்ட அரண்கள் மூவகையின என்றும் கூறுகிறது. கலித்தொகையின் 2ஆம் பாடல், வெயிலின் வெம்மையால் மலை பிளந்து வழியை அடைப்பதற்கு அவ்வெயில்கள் உதிர்ந்து வீழ்ந்ததை உவமை கூறுகிறது.

எயில் என்பது மதிலையும் மதிலாற் சூழப்பட்ட அரணையும் குறிக்கும் சொல். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர்ப்பெயரிலும் இச்சொல் அமைந்துள்ளது. ஆகவே இது புராணக் கதைக்கெனப் படைக்கப்பட்ட சொல்லன்று. மக்கள் கண்ணாற் கண்ட மதிலுக்கும் கதையில் கேட்ட மதிலுக்கும் பொதுவாக வழங்கியதாகும்.

வடமொழியின் 'புர்' என்னும் சொல்லோடு இதனை ஒப்பிடுதல் பயன் தரும். வேத மொழியில் 'புர்' என்பதற்கு அரண், காப்புமதில் என்பனவே பொருள். நகரம் என்னும் பொருள் பிற்காலத்தில் 'புரம்' என்னும் வடிவத்தோடு பரவியது. தைத்திரீய சம்ஹிதையில் அசுரர்க்கு இரும்பு, வெள்ளி, பொன் ஆகியவற்றாலான மூன்று அரண்கள் இருந்தன என்னும் செய்தி வேள்விச் சடங்கு ஒன்றன் விளக்கமாகக் கூறப்படுகிறது. இதிகாச, புராணங்களில் அவை மாடமாளிகைகளும் மக்களும் நிறைந்த நகரங்களாக வளர்ந்தன. தமிழ்ப் புலவர்கள் இதனை 'மூவூர்' என்றோ 'முந்நகர்' என்றோ பெயர்க்காமல் 'மூவெயில்' என வழங்கியமை, அச்சொல்லின் பழைய பொருளாகிய மதில் என்பதோடு நெருங்கி நிற்கிறது. பின்னர் முப்புரம், திரிபுரம் என்னும் வடிவங்கள் பெருகியபோது அரண் என்னும் பொருள் பின்தங்கி, ஊர் என்னும் பொருள் முன்வந்தது.

3. தூங்கெயில்

மூவெயில் பற்றிய குறிப்புகளோடு தொடர்புடையதாகத் 'தூங்கெயில்' என்னும் வேறொரு வழக்கும் உண்டு. இவ்வரணை அழித்தவன் சிவனல்லன். சோழ அரச மரபின் முன்னோன் ஒருவன். மாறோக்கத்து நப்பசலையார் கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்று 39ஆம் பாடலிலும், சிறுபாணாற்றுப்படையிலும், மணிமேகலையின் விழாவறை காதையிலும் தூங்கெயில் எறிந்த செம்பியன் பேசப்படுகிறான். சிலப்பதிகார வாழ்த்துக் காதை அவ்வெயில்கள் மூன்று என்றும், அவை உயர்ந்த வானத்தில் இருந்தன என்றும் கூறி, இருவேறு மரபுகளையும் ஓரிடத்தில் இணைக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய உலாவிலும் சோழ முன்னோர் வரிசையில் இவன் இடம்பெறுகிறான்.

தூங்கெயில் என்பது வினைத்தொகை. 'தூங்கு' என்னும் வினைக்கு இன்றைய தமிழில் உறங்குதல் என்பதே பெருவழக்கான பொருள். பழந்தமிழிலோ தொங்குதல், அசைதல், ஊசலாடுதல் என்பன முதன்மையான பொருள்கள். தூங்குகின்ற எயில், தூங்கிய எயில், தூங்கும் எயில் என முக்காலத்துக்கும் விரியும் இத்தொகை, நிலத்தில் ஊன்றாமல் வானில் அசைந்துகொண்டே இருக்கும் மதிலைக் காட்டுகிறது. மதிலின் இயல்பு அசையாமை. அசைவைக் குறிக்கும் வினையை அசையாப் பொருளின் பெயரோடு சேர்த்து, கதையின் வியப்பு முழுவதையும் ஒரு தொகைச்சொல்லில் அடக்கிய திறம் நோக்கத்தக்கது. இக்கால வாசகர் 'தூங்கு' என்பதை உறக்கத்தோடு தொடர்புபடுத்திவிடின் இவ்வியப்பு முற்றும் மறைந்துவிடும்.

4. பிரிவே காப்பு

முப்புரத்தின் இயக்கம் பற்றிய விரிவான செய்தி மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் உள்ளது. தாரகாசுரனின் மக்களான தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி ஆகிய மூவரும் பிரமனிடம் வரம் பெற்றனர். மயன் அவர்களுக்கு மூன்று நகரங்களைச் சமைத்தான். பொன்னகரம் விண்ணுலகிலும், வெள்ளி நகரம் இடைவெளியிலும், இரும்பு நகரம் மண்ணிலும் இயங்கின. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை ஒன்றாகச் சேரும். அந்நிலையில் ஒரே அம்பால் அவற்றைத் துளைக்க வல்லவனே அவற்றை அழிக்க இயலும் என்பது வரத்தின் வரம்பு. மச்ச புராணம் இச்சேர்க்கை பூச நட்சத்திரத்தோடு கூடிய காலத்தில் நிகழும் என்று கூறுகிறது.

இவ்வமைப்பின் உள்ளீடான தருக்கம் கருதத்தக்கது. இறவாமை என்னும் வரத்தை அசுரர் கேட்டபோது பிரமன் மறுத்தான். மறுக்கப்பட்ட இறவாமைக்கு ஈடாக அவர்கள் கண்ட வழியே பிரிந்திருத்தல். மூன்று நகரங்களும் வேறு வேறு உயரத்தில் வேறு வேறு திசையில் இயங்கும்வரை எந்த அம்பும் மூன்றையும் தொட இயலாது. எனவே பிரிவு அவர்களின் காப்பு; சேர்க்கை அவர்களின் அழிவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்த ஒரு கணத்துக்காகவே தேவர்கள் காத்திருக்கின்றனர்.

தமிழ்ப் பாடல்கள் இக்கதையை விரித்துரைக்காவிடினும் அதன் சாரத்தை எண்களின் எதிர்நிலையாகக் கைக்கொண்டன. மூன்று எயில், ஒரு கணை என்னும் முரண் புறநானூற்றிலேயே உள்ளது. மாணிக்கவாசகரின் திருவுந்தியார் இதனை மேலும் நுட்பமாக்கி, மூன்று புரங்களுக்கு ஓர் அம்பே மிகுதி என்னும் கருத்துப்படப் பாடுகிறது. திருமூலர் முப்புரத்தை ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களாகக் கொண்டார். பண்ணுருட்டியை அடுத்த திருவதிகை, முப்புரம் எரித்த இடமாக அட்டவீரட்டானங்களுள் ஒன்றாயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உட்சுற்றில் திரிபுராந்தகரின் பெரிய ஓவியம் சோழர் காலத்தில் தீட்டப்பட்டது.

இவை எவற்றிலும் முப்புரம் ஓர் ஊர்தியாகக் கருதப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. வானூர்தி என்னும் எண்ணம் தமிழுக்கு இல்லாமல் இல்லை. புறநானூற்று 27ஆம் பாடல் ஓட்டுபவன் இன்றிச் செல்லும் வானவூர்தியைக் குறிக்கிறது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி, ஒருபுறம் திருகினால் எழுந்து மறுபுறம் திருகினால் இறங்கும் எந்திரமாகவே கூறப்பட்டுள்ளது. எயில், ஊர்தி, பொறி என்னும் மூன்று சொற்களும் மூன்று தனிப் பொருட்களங்களில் வழங்கின. எயில் பறந்தாலும் எயிலாகவே இருந்தது.

5. மைசூரு வெளிப்படுத்திய நூல்

இன்று ஹெப்பாள் முதலிய பகுதிகளில் தொழிற்பேட்டைகள் விரிந்துள்ள மைசூரு நகரிலிருந்து, 1952 ஆகஸ்டில் ஒரு செய்தி இந்திய நாளேடுகளில் வெளியாயிற்று. அந்நகரில் செயல்பட்ட பன்னாட்டுச் சமஸ்கிருத ஆய்வுக் கழகத்தின் இயக்குநர் ஜி. ஆர். ஜோசியர், பல்லாயிரம் ஆண்டுப் பழைமையுடையன எனக் கூறப்பட்ட சில சுவடிகளைச் செய்தியாளருக்குக் காட்டினார் என்பதே அது. அவற்றுள் ஒன்று பரத்துவாச முனிவர் இயற்றியதாகக் கூறப்பட்ட வைமானிக சாஸ்திரம். 1959இல் இதன் இந்தி மொழிபெயர்ப்பும், 1973இல் ஜோசியரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு கூடிய மைசூருப் பதிப்பும் வெளிவந்தன. நூல் 8 இயல்களையும் ஏறத்தாழ 3000 சுலோகங்களையும் கொண்டது.

நூல் உருவான வரலாறு இப்பதிப்புகளின் வழியாகவே தெரியவருகிறது. பண்டித சுப்பராய சாஸ்திரி ஓசூர் வட்டத்தில் பிறந்து ஆனேக்கல்லில் வாழ்ந்தவர். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி அது. 1918 முதல் 1923 வரை அவர் சொல்லச் சொல்ல வெங்கடாசல சர்மா என்பவர் இந்நூலை எழுதினார். முனிவரிடமிருந்து உள்ளுணர்வின் வழியாகத் தாம் இதனைப் பெற்றதாகச் சாஸ்திரி கூறினார். 1923இல் பெங்களூருப் பொறியியற் கல்லூரி ஒன்றில் வரைவாளராக இருந்த எல்லப்பா, அவருடைய விளக்கத்தின்படி விமானங்களின் படங்களை வரைந்தார்.

படத்துடன் விளக்கப்படும் விமானங்கள் சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என நான்கு. இவற்றுள் திரிபுர விமானம் மூன்று அடுக்குகளை உடையது. ஒவ்வோர் அடுக்கும் ஓர் 'ஆவரணம்' எனவும் 'புரம்' எனவும் பெயர் பெறுகிறது. முதற்கூறு நிலத்தில் செல்வதற்கும், இரண்டாம் கூறு நீரின் மேலும் உள்ளும் செல்வதற்கும், மூன்றாம் கூறு வானில் செல்வதற்கும் உரியன. மூன்றையும் கீலகங்களால் பிணைத்து ஒன்றாக்கினால் முழு விமானமும் வானில் செல்லும். கதிரவனின் ஒளியிலிருந்து பெறும் ஆற்றல் அதனை இயக்கும்.

1974இல் பெங்களூரு இந்திய அறிவியற் கழகத்தைச் சேர்ந்த எச். எஸ். முகுந்தா, எஸ். எம். தேஷ்பாண்டே, எச். ஆர். நாகேந்திரா, ஏ. பிரபு, எஸ். பி. கோவிந்தராஜு ஆகிய ஐவர் இந்நூலைப் பற்றிய திறனாய்வு ஒன்றை வெளியிட்டனர். விளக்கப்பட்ட விமானங்களுள் எதுவும் பறக்கும் தகுதி உடையதன்று என்பதும், நூல் 1904ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள். சுவடியின் வரலாற்றைத் தெளிவாகத் தராமல் மறைத்தோ திரித்தோ வழங்கிய குறையை அவர்கள் வெளியீட்டோடு தொடர்புடையோர்மீது சுமத்தினர். அவ்வாய்வு வெளிவந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், 2015 சனவரியில் மும்பையில் நடைபெற்ற 102ஆவது இந்திய அறிவியல் மாநாட்டில் இந்நூலைச் சான்றாகக் கொண்ட கட்டுரை ஒன்று படிக்கப்பட்டுப் பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று.

6. மொழிச் சான்று

மேற்குறித்த ஐவரும் பொறியியலாளராக இருந்தும் நூலின் மொழியையும் யாப்பையும் சான்றாகக் கொண்டமை பாராட்டத்தக்கது. அச்சான்றை மொழியியல் நோக்கில் சற்று விரித்துக் காணலாம்.

பரத்துவாசர் ரிக் வேதத்தின் ஆறாம் மண்டலத்தோடு தொடர்புபடுத்தப்படும் முனிவர். அவர் இயற்றிய நூல் எனின் அதில் வேத மொழியின் கூறுகள் காணப்பட வேண்டும். வேத மொழியில் 'லேட்' எனப்படும் வினைவடிவம் பெருவழக்கு. பிற்கால வடமொழியில் அது மறைந்தது. 'செய்தற்கு' என்னும் பொருள் தரும் எச்ச வடிவங்கள் வேத மொழியில் பத்துக்கும் மேற்பட்டன. பிற்கால மொழியில் '-தும்' ஈறு ஒன்றே எஞ்சியது. வேதப் பாடல்கள் எடுத்தல், படுத்தல் ஆகிய ஒலியழுத்தங்களோடு ஓதப்பட்டுவந்தவை. வைமானிக சாஸ்திரத்தில் இத்தகைய வேத மொழிக் கூறுகள் இல்லை. அதன் நடை எளிய பிற்கால வடமொழி நடையாகும்.

யாப்பும் இதனையே காட்டுகிறது. நூல் அனுஷ்டுப் யாப்பில் அமைந்தது. வேத காலத்திலும் இப்பெயருடைய யாப்பு உண்டு. ஆயினும் வேத அனுஷ்டுப்பில் நான்கு அடிகளின் இறுதியும் ஏறத்தாழ ஒத்த ஓசையுடையன. இதிகாசங்களில் நிலைபெற்ற சுலோகத்தில் ஒற்றை அடியின் இறுதியும் இரட்டை அடியின் இறுதியும் வேறுபட்ட ஓசையுடையன. வைமானிக சாஸ்திரத்தின் யாப்பு பின்னதைச் சார்ந்தது.

தனிச்சொற்களைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். எடுத்துக்காட்டாகக் 'கீலகம்' என்னும் சொல்லைக் கருதலாம். முளை, ஆணி என்னும் பொருளில் 'கீலம்' வடமொழியில் பழையது. 11ஆம் நூற்றாண்டின் கதாசரித்சாகரத்தில் மரப்பாவைகளை இயக்கும் ஆணி இச்சொல்லின் திரிபாலேயே குறிக்கப்படுகிறது. தமிழில் 'கீல்' என்பது உடலின் மூட்டையும் கதவின் பிணைப்பையும் குறிக்கிறது. கன்னடத்தில் 'கீலு' என்பதும் அவ்வாறே. ஆகவே இச்சொல் நூலில் வருவதால் மட்டும் நூலைப் பழையது என்றோ புதியது என்றோ துணிய இயலாது. பழைய சொல் புதிய பொருளுக்குப் பயன்படுவது எல்லா மொழிகளிலும் இயல்பு. 'விமானம்' என்னும் சொல்லே கோயிற் கருவறையின் மேலமைந்த கட்டடத்தையும், தேவர் ஊர்தியையும், 20ஆம் நூற்றாண்டில் ஆகாய விமானத்தையும் குறித்துவந்துள்ளது. எனவே சொல்லைவிடச் சொல்லப்படும் பொருளின் அமைப்பே காலத்தை அறிவதற்கு ஏற்ற சான்றாகும். திரிபுர விமானத்தில் அத்தகைய சான்று தெளிவாக உள்ளது.

7. தலைகீழான கற்பனை

புராண முப்புரமும் திரிபுர விமானமும் மூன்று என்னும் எண்ணால் ஒத்துள்ளன. மற்றெல்லாக் கூறுகளிலும் அவை வேறுபடுகின்றன.

முதலாவது, களம். முப்புரம் இயங்குவது மண், இடைவெளி, விண் என்னும் மூவுலகப் பகுப்பில். இப்பகுப்பு வேத காலத்தது. திரிபுர விமானம் இயங்குவது நிலம், நீர், வான் என்னும் பகுப்பில். இது உலகங்களின் பகுப்பன்று. ஊர்தி செல்லும் வழிகளின் பகுப்பு. நீரின் மேலும் உள்ளும் செல்லும் கூறு என்பது மூவுலகப் பகுப்பில் இடம்பெற வழியில்லை.

இரண்டாவது, பிரிவின் பயன். முப்புரத்தில் பிரிவு காப்பாகவும் சேர்க்கை அழிவாகவும் அமைந்தமை முன்னர்க் கூறப்பட்டது. திரிபுர விமானத்தில் சேர்க்கை ஆற்றலைத் தருகிறது. மூன்றும் ஒன்றானபோதே முழு விமானமும் பறக்கிறது. பிரிவு அங்கே பணிப்பங்கீடாகிறது. ஒவ்வொரு கூறும் தனக்குரிய வழியில் செல்லும் பொருட்டே பிரிகிறது. பழங்கதையின் உயிர்நிலை எதுவோ அது முற்றிலும் தலைகீழாக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது, ஆக்கம். மயன் சமைத்த நகரங்கள் எவ்வாறு பறந்தன என்பதைப் புராணம் கூறவில்லை. அது வரத்தின் விளைவு. திரிபுர விமானத்துக்கோ தனி உலோகம், ஆற்றல் தரும் பொறி, இணைக்கும் கீல் எனக் காரணங்கள் கற்பிக்கப்படுகின்றன. வரம் இருந்த இடத்தில் வரைபடம் வந்துள்ளது.

நிலத்திலும் நீரிலும் வானிலும் செல்லும் ஒரே பொறி என்னும் வேட்கை எக்காலத்துக்கு உரியது என்பது உலக வரலாற்றில் தெளிவாக உள்ளது. ரைட் சகோதரர்களின் விமானம் 1903 டிசம்பரில் பறந்தது. 1904இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன், சாலையிலும் நீரின்மேலும் நீருக்குள்ளும் வானிலும் செல்லும் ஒரு பொறியை மையமாகக் கொண்ட புதினத்தை வெளியிட்டார். 1910இல் ஆன்றி ஃபாபர் நீரிலிருந்து எழும் விமானத்தைப் பிரான்சில் பறக்கவிட்டார். 1911 பிப்ரவரியில் அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் அஞ்சல் சென்றது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலும் விமானமும் நாளேடுகளில் அன்றாடச் செய்திகளாயின. சாஸ்திரி வைமானிக சாஸ்திரத்தைச் சொல்லத் தொடங்கிய 1918 அப்போரின் இறுதி ஆண்டு. வெர்னின் புதினம் அவருக்குத் தெரியும் எனக் கொள்ளச் சான்று எதுவும் வேண்டுவதில்லை. அக்காலத்தின் பொதுவான வேட்கையே அவரிடத்தும் செயல்பட்டது எனக் கொள்வது போதும். ஆனால் வெர்னின் பொறி ஒரே உடலோடு நான்கு வழிகளிலும் செல்வது. சாஸ்திரியின் பொறி மூன்று உடல்களாகப் பிரிவது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் திரிபுரம் என்னும் மரபுப்பெயரே ஆகலாம். மரபு எண்ணையும் பெயரையும் தந்தது. காலம் பொருளைத் தந்தது.

8. எயிலிலிருந்து கலத்துக்கு

இக்காலத் தமிழில் இவ்வகை அமைப்புகளுக்கு வழங்கும் சொல் 'கலம்' என்பதன் அடிப்படையில் அமைந்துள்ளது. பழந்தமிழில் கலம் என்பது உண்கலம், அணிகலம், மரக்கலம் எனப் பலவற்றைக் குறித்தது. விண்கலம் என்னும் ஆக்கம் மரக்கலத்தை ஒட்டியது. ஆங்கிலத்திலும் இவ்வூர்திகள் கப்பலின் பெயராலேயே வழங்குகின்றன. எயில் என்றபோது அதன் பயன் காத்தல். கலம் என்றபோது அதன் பயன் செல்லுதல். பெயரிடும் உருவகம் மாறியபோது பிரிவின் பொருளும் மாறியமை இயல்பே.

பிரியும் கலம் இன்று புனைவன்று. 1969 சூலையில் அப்பல்லோ 11 நிலவைச் சுற்றும் பாதையில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கூறு நிலவில் இறங்க மற்றொன்று சுற்றிக்கொண்டிருந்தது. 2023 சூலை 14 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-3இல் உந்துகலனும் தரையிறங்கு கலனும் ஆகஸ்டு 17 அன்று பிரிந்தன. ஆகஸ்டு 23 அன்று தரையிறங்கு கலனாகிய விக்ரம் நிலவில் இறங்கியது. அதனுள்ளிருந்து பிரக்யான் என்னும் உலவி வெளிவந்தது. சுற்றுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று, உலவுவதற்கு ஒன்று என மூன்று கூறுகள் மூன்று பணிகளை ஆற்றின. 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரு சிறு கலங்கள் 2025 சனவரி 16 அன்று விண்வெளியில் இணைந்து, மார்ச்சு 13 அன்று மீண்டும் பிரிந்தன.

இவற்றுக்குத் தமிழ் இதழ்கள் உந்துகலன், தரையிறங்கு கலன், உலவி, ஊர்திக்கலன் எனப் பல சொற்களை வழங்கிவருகின்றன. இச்சொற்கள் எல்லாம் பணியை அடிப்படையாகக் கொண்டவை. மூவெயில் என்னும் பெயர் எண்ணை அடிப்படையாகக் கொண்டது. தூங்கெயில் என்பது நிலையை அடிப்படையாகக் கொண்டது. பணியால் பெயர் பெறும் கூறுகளாகப் பொருள்களைக் காண்பது எந்திர யுகத்தின் பார்வை. திரிபுர விமானத்தின் கூறுகளும் நிலத்துக்குரியது, நீருக்குரியது, வானுக்குரியது எனப் பணியாலேயே வேறுபடுகின்றன. இவ்வகையில் அது மகாபாரதத்தின் முப்புரத்துக்கு அயலாகவும், தன் காலத்தின் எந்திரங்களுக்கு அணுக்கமாகவும் நிற்கிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் அறியப்படுவன வருமாறு. தமிழின் மூவெயில் என்னும் சொல் 'புர்' என்பதன் பழைய பொருளாகிய அரண் என்பதைப் போற்றிவைத்துள்ளது. பழைய மரபில் பிரிவு காப்பு, சேர்க்கை அழிவு. 1918-1923இல் உருவான வைமானிக சாஸ்திரத்தில் சேர்க்கை ஆற்றல், பிரிவு பணிப்பங்கீடு. இம்மாற்றமும் நூலின் மொழியும் யாப்பும் ஒருங்கே அந்நூலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கின்றன.

இந்நூலுக்குத் தொன்மை கற்பிப்பதால் இருவகை இழப்பு நேர்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் விமானம் கட்டியதற்குச் சான்றாக முப்புரத்தைக் காட்டும்போது, ஒரு மதிலை வானில் தொங்கவிட்டு அதற்குத் தூங்கெயில் எனப் பெயரிட்ட புலவரின் கற்பனை வெறும் செய்திக்குறிப்பாகச் சுருங்குகிறது. அதே வேளையில், போர்க்காலச் செய்திகளும் புராணக் கேள்வியும் கலந்த ஒரு சூழலில், பிரிந்து சேரும் ஊர்தியை வடமொழிச் சுலோகங்களில் படைத்த ஓசூர் வட்டத்துப் பண்டிதர் தம் படைப்புக்கு ஆசிரியராகும் உரிமையை இழந்து, முனிவரின் எழுத்தராகிவிடுகிறார். அவர் தம்மை அவ்வாறே கருதியிருக்கலாம். ஆயினும் இலக்கிய வரலாறு அவரை ஆசிரியராகக் கொள்வதே முறை. தென்னிந்தியாவின் அறிவியற் புனைவு வரலாறு எழுதப்படும்போது வைமானிக சாஸ்திரம் 1918-1923 என்னும் ஆண்டுகளோடு அதன் தொடக்கப் பக்கங்களில் இடம்பெறத் தக்கது. நூலகப் பட்டியல்களிலும் கலைச்சொல் அகராதிகளிலும் அந்த ஆண்டுகளைத் தவறாது குறித்தல் அதற்கு முதற்படியாகும்.